வகுப்பறை வளர்த்த வெள்ளி நாக்கு
மகாகனம் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார்

இன்று நம் பிள்ளைகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் சரி, பொறியியலோ, வணிகவியலோ, மருத்துவமோ, மேடையில் பேசும் பயிற்சி ஏதாவது ஒரு பெயரில் பாடத்திட்டத்துக்குள் வந்துவிடுகிறது. குழு விவாதம், செமினார், மாதிரி நேர்முகத் தேர்வு என்று மூன்று நான்கு வருஷங்களில் ஒவ்வொரு மாணவரும் சக மாணவர்கள் எதிரில் எழுந்து நின்று பேசியே ஆக வேண்டும். நம் அங்கத்தினர் இல்லங்களில் இதைப் பற்றிய கவலை அடிக்கடி காதில் விழுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் வாங்கும் பிள்ளை, நாலு பேர் எதிரில் வாய் திறக்கத் தயங்குகிறானே, கேம்பஸ் இன்டர்வியூவில் என்ன செய்யப் போகிறான் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நாவன்மை என்பது பிறவியில் வருவது, அதைப் படித்து வரவழைக்க முடியாது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அப்படி முடிவு கட்டுவதற்கு முன் ஒருவருடைய வாழ்க்கையை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. லண்டன் முதல் ஜெனீவா, வாஷிங்டன், மெல்போர்ன், கேப்டவுன் வரை ஆங்கிலேயர்களே மெச்சும்படி ஆங்கிலத்தில் பேசி, வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று பெயர் வாங்கிய மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார்தான் அவர். அவர் படித்த காலத்துக் கல்லூரியில் மேடைப்பேச்சு என்று தனியாக ஒரு பாடம் கிடையாது. ஆனாலும் அவருடைய பேச்சு முழுக்க முழுக்க வகுப்பறையில் உருவானது. மாணவராக இருந்து பாதி, ஆசிரியராக இருந்து மீதி.

வலங்கைமானிலிருந்து கும்பகோணத்துக்கு

கும்பகோணத்துக்கு அருகில், இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ள வலங்கைமானில் 22-9-1869 அன்று சாஸ்திரியார் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண சாஸ்திரிகள் வைதிகத்தையே ஜீவனமாகக் கொண்டவர். வீட்டில் வறுமைக்குக் குறைவில்லை. ஆனால் அத்தகைய இல்லங்களில் வேறொரு செல்வம் உண்டு என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓர் எழுத்தின் ஒலி பிசகினாலும், ஒரு ஸ்வரம் ஏறியோ இறங்கியோ போனாலும் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வைக்கும் சூழல் அது. உச்சரிப்பில் சமரசம் கிடையாது என்பது அங்கே சுவாசிக்கும் காற்றோடு வருவது.

கும்பகோணம் நேடிவ் ஹைஸ்கூலில் படித்துவிட்டு, காவிரிக்கரையில் இருக்கும் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். போர்ட்டர் துரையும் கோபால ராவும் முதல்வர்களாக இருந்து வளர்த்த கல்லூரி அது. தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்தையும் ஸம்ஸ்கிருதத்தையும் ஆழ்ந்து படித்துப் பட்டம் பெற்று வெளியே வந்தபோது சாஸ்திரியாருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

அந்தக் காலத்துக் கல்லூரிப் படிப்பு எப்படி இருந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பாடப் புத்தகங்கள் குறைவு. ஆனால் இருக்கிற புத்தகத்தை வரிக்கு வரி வாய்விட்டுப் படிப்பார்கள். ஆங்கிலப் பேராசிரியர் உரைநடையையும் கவிதையையும் வகுப்பில் உரக்க வாசிப்பார். மாணவர்கள் அதைக் காதால் வாங்கி மனப்பாடம் செய்வார்கள். ஒரு சொல்லுக்கும் அதன் அண்டை வீட்டுச் சொல்லுக்கும் பொருளில் என்ன வேற்றுமை என்று அகராதியைப் புரட்டுவார்கள். ஸம்ஸ்கிருத வகுப்பிலோ பதம் பிரித்து, அந்வயம் செய்து, எந்தச் சொல் எதைத் தழுவி நிற்கிறது என்று காட்டினால்தான் பொருள் சொல்ல முடியும். இந்த இரண்டு பயிற்சிகளும் சேர்ந்தால் ஒரு மனிதனுக்கு என்ன கிடைக்கும்? வாக்கியத்தைத் தொடங்கும்போதே அதன் முடிவு எங்கே என்று தெரிந்திருக்கும். பிற்காலத்தில் சாஸ்திரியாரின் பேச்சில் எல்லாரும் வியந்தது இதைத்தான். எத்தனை நீளமான வாக்கியமானாலும் தடுமாறாமல், திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ளாமல், சரியான இடத்தில் வந்து இறங்கும்.

ஆசிரியர் மேடை

பட்டம் பெற்றவுடன் மாயவரத்தில் பள்ளி ஆசிரியரானார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். சேலம் முனிசிபல் கல்லூரியில் பணியாற்றினார். 1890-களின் மத்தியில், இருபத்தைந்து வயதை ஒட்டிய பருவத்திலேயே சென்னை திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆனார். ஹெட்மாஸ்டர் சாஸ்திரியார் என்றால் திருவல்லிக்கேணி முழுவதும் தெரியும் என்ற நிலை ஏற்பட்டது. பிற்காலத்தில் எத்தனையோ பதவிகள் வந்தும், அவரிடம் படித்தவர்களுக்குக் கடைசி வரை அவர் ஹெட்மாஸ்டர்தான்.

பள்ளிக்கூட வகுப்பைப் போல் கடினமான சபை வேறு கிடையாது. சட்டசபையில் இருப்பவர்கள் மரியாதைக்காகவாவது உட்கார்ந்து கேட்பார்கள். பதினான்கு வயதுப் பையன் கேட்கமாட்டான். சொல்வது புரியாவிட்டால் அவன் கண் ஜன்னலுக்குப் போய்விடும். குரல் ஒரே ஸ்தாயியில் ஓடினால் தூங்கிவிடுவான். ஆசிரியர் தப்பாக உச்சரித்தால் அதையே பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் கேலி செய்வான். தினம் ஐந்து மணி நேரம் இந்தச் சபையைக் கட்டி நிறுத்திய ஒருவருக்கு எந்தச் சபையும் பயமாக இருக்காது. வகுப்பில் குரலை உயர்த்திக் கத்துகிற ஆசிரியரைவிட, நிதானமாக, தெளிவாக, ஒவ்வொரு சொல்லும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசுகிற ஆசிரியருக்கே அடக்கம் கிடைக்கும். சாஸ்திரியார் உலக மேடைகளில் கடைப்பிடித்த பாணியும் இதுவே. கையை வீசுவதில்லை. மேஜையைத் தட்டுவதில்லை. குரலில் ஆவேசம் இல்லை. சொல்லின் தெளிவும், எடுத்துவைத்த வாதத்தின் ஒழுங்குமே வேலையைச் செய்தன.

பள்ளிக்கு வெளியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1904-ல் திருவல்லிக்கேணியில் நண்பர்களோடு சேர்ந்து கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கினார். சென்னையில் வசித்த நம் அங்கத்தினர் பலருக்கும் டி.யு.சி.எஸ். என்றால் தெரியும். அரிசியும் பருப்பும் நியாய விலையில் விற்பதற்காக அண்டை வீட்டாரைக் கூட்டி வைத்து, ஆளுக்கு ஒரு பங்கு போடுங்கள் என்று நம்ப வைப்பதும் பேச்சுக்கலைதான். அங்கே அலங்காரம் செல்லாது. கணக்குத்தான் செல்லும்.

முப்பத்தேழு வயதில் மீண்டும் மாணவர்

இந்த நிலையில் சாஸ்திரியாரின் வாழ்க்கை ஒரு திருப்பத்துக்கு வந்தது. கோபால கிருஷ்ண கோகலே 1905-ல் புனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அதில் சேருபவர்கள் தமக்கென்று பணம் சம்பாதிக்கப் பாடுபடக் கூடாது. சங்கம் குடும்பத்துக்குக் கொடுப்பதைக் கொண்டு திருப்தி அடைய வேண்டும். ஜாதி மத பேதம் பாராட்டாமல் எல்லா இந்தியரையும் சகோதரராக நினைக்க வேண்டும். இவற்றைப் பிரதிக்ஞையாக எடுத்துக்கொள்ள வேண்டும். வறுமையில் பிறந்து, படித்து, கௌரவமான உத்தியோகத்தில் நிலைபெற்ற ஒரு குடும்பஸ்தர் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு இப்படி ஒரு சங்கத்தில் சேருவது லேசான காரியம் அல்ல. சாஸ்திரியார் 1907-ல் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 37.

சங்கத்தில் சேர்ந்தவுடன் மேடையேற்றிவிட மாட்டார்கள். ஐந்து ஆண்டுகள் பயிற்சி உண்டு. புனாவில் தங்கி அரசாங்க அறிக்கைகள், வரவு செலவுக் கணக்குகள், பொருளாதாரம், சரித்திரம் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று ஜனங்களின் நிலையை நேரில் பார்க்க வேண்டும். கோகலேயும் அடிப்படையில் ஆசிரியர். பெர்குஸன் கல்லூரியில் பாடம் சொன்னவர். ரானடேயிடம் பொதுவாழ்வின் அரிச்சுவடியைக் கற்றவர். புள்ளிவிவரம் இல்லாமல் எந்த வாதத்தையும் எடுக்கமாட்டார். அவருடைய பட்ஜெட் உரைகளுக்கு அரசாங்க உறுப்பினர்களே தயாராகிக்கொண்டு வருவார்கள் என்ற அளவுக்குப் பேர் பெற்றவர்.

பொதுப்பேச்சுக்கு ஒரு கல்லூரி என்று அன்றைய இந்தியாவில் எதையாவது சொல்வதானால் இந்தச் சங்கத்தைத்தான் சொல்ல வேண்டும். கும்பகோணமும் திருவல்லிக்கேணியும் சாஸ்திரியாருக்குச் சொல்லைக் கொடுத்தன. புனா அந்தச் சொல்லுக்குள் வைக்கச் சரக்கைக் கொடுத்தது. தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேசக் கூடாது, எதிராளியின் கட்சியை அவனைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு பேச வேண்டும், மிகைப்படுத்திச் சொன்ன ஒரு வார்த்தை சரியாகச் சொன்ன நூறு வார்த்தையைக் கெடுத்துவிடும் என்ற ஒழுக்கங்கள் அங்கே படிந்தன. 1915 பிப்ரவரியில் கோகலே காலமானார். சங்கத்தின் தலைமைப் பொறுப்பு சாஸ்திரியாரிடம் வந்தது.

ஒரு சட்டமும் ஒரு பேச்சும்

1913-ல் சென்னை சட்டசபையிலும் 1916-ல் வைஸ்ராயின் இம்பீரியல் சட்டசபையிலும் அங்கத்தினரானார். 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதா வந்தது. விசாரணையின்றி ஜனங்களைச் சிறையிடவும், வழக்கமான நீதிமுறைகளை ஒதுக்கிவைக்கவும் சர்க்காருக்கு அதிகாரம் தரும் சட்டம் அது. யுத்தத்தில் லட்சக்கணக்கான இந்தியர்களை அனுப்பி உதவிய தேசத்துக்கு யுத்தம் முடிந்தவுடன் கிடைத்த பரிசு.

அன்று சாஸ்திரியார் ஆற்றிய உரை அவருடைய உரைகளிலேயே முதன்மையானது என்று பலர் கருதுகிறார்கள். மிதவாதி என்று பெயர் எடுத்தவர், சர்க்காரின் நண்பர் என்று கருதப்பட்டவர், எழுந்து நின்று அந்தச் சட்டத்தின் ஆபத்தை அங்குலம் அங்குலமாக எடுத்துக் காட்டினார். நிரபராதிகளையும் அச்சுறுத்தும் சட்டம், குற்றவாளியைப் பிடிப்பதற்கு முன் நல்லவர்களின் மனத்தில் உள்ள நம்பிக்கையைக் கொன்றுவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். சபையில் இருந்த இந்திய உத்தியோகப் பற்றற்ற அங்கத்தினர்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் மார்ச் மாதம் சட்டம் நிறைவேறியது. உத்தியோக அங்கத்தினரின் ஓட்டு பலம் சர்க்கார் கையில் இருந்தது. ஏப்ரல் 13-ம் தேதி ஜாலியன்வாலா பாக் நடந்தது.

நல்ல பேச்சு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற கேள்வி சாஸ்திரியாரின் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்து வருகிறது. அன்று அவர் பேச்சு ஓட்டைப் பெறவில்லை. ஆனால் தவறு செய்யப் போகிறவர்களிடம், இது தவறு, இதனால் இன்னது நடக்கும் என்று அவர்கள் பாஷையிலேயே, அவர்கள் மறுக்க முடியாதபடி, நிதானமாகச் சொல்லிய பதிவு ஒன்று நிலைத்துவிட்டது. பின்னால் நடந்தவை அந்தப் பதிவுக்குச் சாட்சியாகிவிட்டன.

உலக மேடைகள்

1921-ம் வருஷம் சாஸ்திரியாரின் புகழின் உச்சம். லண்டனில் நடந்த இம்பீரியல் மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராகச் சென்றார். சாம்ராஜ்யத்தின் எந்த நாட்டில் குடியேறியிருந்தாலும் இந்தியர்களுக்குக் குடியுரிமை உண்டு என்று தீர்மானம் நிறைவேறப் பாடுபட்டார். தென்னாப்பிரிக்காவின் ஜெனரல் ஸ்மட்ஸ் மட்டும் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஜெனீவாவில் சர்வதேச சங்கத்திலும், அங்கிருந்து வாஷிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாட்டிலும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். லண்டன் மாநகரம் அவருக்குக் கௌரவப் பிரஜா உரிமை அளித்தது. பிரிவி கௌன்ஸில் அங்கத்தினராகவும் ஆக்கப்பட்டார். நம்மவர் அவரை மகாகனம் என்று அழைப்பது அதிலிருந்து வந்தது.

1922-ல் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா ஆகிய மூன்று நாடுகளிலும் சுற்றுப்பயணம் செய்தார். அங்கே குடியேறியிருந்த இந்தியர் தொகை சிறியது. அவர்களுக்கு உரிமைகள் கேட்டு, அந்த நாட்டு ஜனங்களிடமே நகரம் நகரமாகப் போய்ப் பேசினார். இந்தியர் என்றால் கூலிகள் என்று மட்டுமே அறிந்திருந்த சபைகள் அவை. தலைப்பாகையோடு எழுந்து நின்று, தங்கள் தாய்மொழியைத் தங்களைவிடச் சுத்தமாகப் பேசும் ஒருவரை அவர்கள் கண்டார்கள். ஆஸ்திரேலியாவில் 1925-ல் அங்கே குடியிருந்த இந்தியர்களுக்கு மத்திய சபைத் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அப்போது கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. கீன்யாவில் இந்தியர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் சம உரிமை வேண்டும் என்று கேட்கும் தூதுக்குழுவோடு 1923-ல் லண்டன் போனார். ஜூலையில் வெளிவந்த வெள்ளை அறிக்கை, மலைப்பகுதி நிலங்களை வெள்ளையருக்கே ஒதுக்கியது. பொது வாக்காளர் பட்டியலையும் மறுத்தது. சாம்ராஜ்யத்தின் நியாய உணர்ச்சியில் அதுவரை நம்பிக்கை வைத்திருந்த சாஸ்திரியார் மனம் கசந்துபோனார். அந்த நம்பிக்கைதான் அவர் பேச்சின் அஸ்திவாரம். எதிரில் இருப்பவன் நியாயத்துக்குக் கட்டுப்படுவான் என்று நினைத்தால்தான் அவனிடம் வாதாட முடியும். 1924-ல் லண்டன் வெம்ப்ளியில் நடக்கவிருந்த சாம்ராஜ்யப் பொருட்காட்சியை இந்தியா பகிஷ்கரிக்க வேண்டும் என்று சொல்லுமளவுக்கு அந்த மிதவாதி போனார். சர்க்கார் வட்டாரத்தில் இருந்த நட்பும் குளிர்ந்தது.

தென்னாப்பிரிக்காவில் நின்ற கட்டடம்

பேச்சின் பலனைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் பார்க்க விரும்புபவர்கள் டர்பன் நகரத்துக்குப் போக வேண்டும். தென்னாப்பிரிக்க இந்தியர்களைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கிவைக்கும் மசோதா ஒன்று 1925-ல் அங்கே வந்தது. அதையொட்டி 1926 டிசம்பரில் கேப்டவுனில் இரு சர்க்கார்களும் பேச்சு நடத்தின. சர் முகம்மது ஹபீபுல்லா தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் சாஸ்திரியாரும் இருந்தார். 1927-ல் கேப்டவுன் ஒப்பந்தம் வெளியாயிற்று. மசோதா கைவிடப்பட்டது. அங்கேயே இருக்க விரும்பும் இந்தியர்களின் கல்வியையும் வாழ்க்கை நிலையையும் உயர்த்துவது யூனியன் சர்க்காரின் பொறுப்பு என்றும் ஏற்கப்பட்டது. அதைக் கவனிக்க இந்தியாவின் ஏஜென்ட் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். முதல் ஏஜென்டாக யார் போவது என்று வந்தபோது, சாஸ்திரியாரே போக வேண்டும் என்று வற்புறுத்தியவர் மகாத்மா காந்தி.

1927 ஜூன் முதல் 1929 ஜனவரி வரை அங்கே இருந்தார். ஊர் ஊராகப் போய் வெள்ளையர் சபைகளில் பேசினார். இந்தியாவின் தத்துவம், இலக்கியம், நாகரிகம் இவற்றைப் பற்றிச் சொன்னார். ஒப்பந்தத்தின் நியாயத்தை விளக்கினார். எல்லா இடத்திலும் வரவேற்பு இருந்தது என்று சொல்ல முடியாது. டிரான்ஸ்வாலில் கிளர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் அவர் கூட்டத்தைக் கலைக்கச் சிலர் கலவரம் செய்தார்கள். அதற்காக அவர் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. கோபத்தைக் கிளப்பும் பதில் எதையும் சொல்லாமல் தம் சுற்றுப்பயணத்தைத் தொடர்ந்தார்.

அங்கே இருந்த இந்தியக் குழந்தைகளுக்கு ஆரம்பப் பள்ளிக்கு மேல் படிக்க வழி மிகக் குறைவு. ஹெட்மாஸ்டரின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். இந்திய வியாபாரிகளிடம் நிதி திரட்டி, மாகாண சர்க்காரை இணங்க வைத்து, டர்பனில் உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த ஒரு கல்லூரிக்கு 1928-ல் அடிக்கல் நாட்டச் செய்தார். அவர் பதவியை விட்டு நாடு திரும்பிய பிறகு, 1929 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. சாஸ்திரி கல்லூரி என்று இன்றும் அதற்குப் பெயர். ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே படித்து ஆசிரியர்களாக, மருத்துவர்களாக, வழக்கறிஞர்களாக ஆனார்கள்.

அந்தப் பணியில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவர் குரல் இந்தியர்களுக்காக ஒலித்த அளவு, அந்த மண்ணின் சொந்த மக்களான ஆப்பிரிக்கர்களுக்காக ஒலிக்கவில்லை என்று சரித்திர ஆசிரியர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். இரு சாராரின் வழக்கையும் தனித்தனியே வைத்திருப்பதே நல்லது என்று அன்று அவர் கருதினார். பின்னால் அந்நாட்டின் இந்தியத் தலைவர்கள் வேறு வழியில் சென்றார்கள்.

புகழும் பழியும்

அவருக்கு ஸர் பட்டம் அளிக்க முன்வந்தார்கள். இந்திய ஊழியர் சங்கத்தின் எளிய ஊழியனுக்கு அது பொருந்தாது என்று மறுத்துவிட்டார். 1930, 1931-ம் வருஷங்களில் வட்டமேஜை மாநாடுகளுக்குப் போனார். 1931-ல் காந்தி - இர்வின் ஒப்பந்தம் ஏற்பட ஸப்ரு, ஜயகர் ஆகியோருடன் சேர்ந்து இரு பக்கமும் தூது நடந்தார்.

ஆனால் நாட்டில் அவருக்கு இருந்த செல்வாக்கு வரவரக் குறைந்தது. ஒத்துழையாமையையும் சட்டமறுப்பையும் அவர் ஏற்கவில்லை. சட்டத்தை மீறப் பழகிய ஜனங்கள் நாளை சொந்த சர்க்காரின் சட்டத்தையும் மீறுவார்கள் என்று அஞ்சினார். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றுகொண்டிருந்த காலத்தில் இந்த வாதம் யார் காதிலும் ஏறவில்லை. ஆங்கிலேயரின் செல்லப்பிள்ளை என்று பத்திரிகைகளில் ஏசினார்கள். 1936-ல் மலேயாவுக்குப் போய் அங்குள்ள தோட்டத் தொழிலாளர் நிலை பற்றி அவர் கொடுத்த அறிக்கை, நிர்வாகத்துக்கு அனுகூலமாக இருக்கிறது என்று கண்டனத்துக்கு ஆளாயிற்று. அதிகாரத்தில் இருப்பவர்களை வசப்படுத்தும் பேச்சில் தேர்ந்தவருக்கு, லட்சோப லட்சம் பாமர ஜனங்களின் நெஞ்சைத் தொடும் பேச்சு கைவரவில்லை. அது காந்திஜிக்குக் கைவந்தது. இத்தனைக்கும் காந்திஜி இளமையில் சபையில் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உடையவர்.

இந்த இருவருக்கும் இடையில் இருந்த நட்பு ஓர் அபூர்வம். ஏறக்குறைய எல்லா அரசியல் விஷயங்களிலும் கருத்து வேற்றுமை. ஆனால் காந்திஜியின் சத்திய சோதனையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, அதன் பிற்காலப் பதிப்பை வரிக்கு வரி படித்து நடையைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் சாஸ்திரியார். தம் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அதைச் செய்தார். மாணவனின் கட்டுரையைத் திருத்திக் கொடுத்துவிட்டு மதிப்பெண் பட்டியலில் தன் பெயரைத் தேடாத ஆசிரியரின் குணம் அது.

மீண்டும் கல்லூரிக்கு

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். உலகம் சுற்றியவர் மீண்டும் மாணவர் நடுவில் வந்து சேர்ந்தார். 1940-ல் கலைச்சொல் ஆக்கத்துக்கு மாகாண சர்க்கார் அமைத்த குழுவுக்குத் தலைவரானார். அந்தக் குழு ஸம்ஸ்கிருதச் சொற்களுக்கு அதிக இடம் தருகிறது என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். குழுவில் தமிழறிஞர்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தில் யாரையும் இணங்க வைத்தவருக்குத் தாய்மொழியில் ஏற்பட்ட இந்தச் சோதனையும் அவர் சரித்திரத்தில் ஒரு பாடமே.

கடைசிக் காலத்தில் அவருடைய நாக்கு தந்தையாரின் உலகத்துக்குத் திரும்பியது. 1944 ஏப்ரல் முதல் நவம்பர் வரை சென்னையில் வால்மீகி ராமாயணத்தைப் பற்றி முப்பது சொற்பொழிவுகள் ஆற்றினார். உடல் தளர்ந்து, இதய நோயோடு போராடிக்கொண்டிருந்த எழுபத்தைந்து வயது. ஸ்ரீராமனை மனிதனாகவே பார்த்து, மனிதனுக்கு ஏற்படும் தர்மசங்கடங்களை அவன் எப்படித் தாங்கினான் என்று விளக்கியபோது, பல இடங்களில் பேச முடியாமல் உருகிப் போனார் என்று கேட்டவர்கள் சொல்வதுண்டு. ஆயுள் முழுவதும் உணர்ச்சியைக் கட்டுக்குள் வைத்துப் பேசியவர் அவர். அந்த உரைகள் பின்னர் நூலாக வந்து இன்றும் படிக்கப்படுகின்றன.

1946 ஜனவரியில் காந்திஜி சென்னைக்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்த சாஸ்திரியாரைப் போய்ப் பார்த்தார். அவர்கள் பேச்சில் ராமாயணமும் வந்தது. ஏப்ரல் 17-ம் தேதி சாஸ்திரியார் காலமானார். சுதந்திரத்துக்கு இன்னும் பதினாறு மாதங்கள் இருந்தன.

நம் பிள்ளைகளுக்கு

இந்தச் சரித்திரத்தில் கல்லூரி மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. முதலாவது, நாவன்மை பயிற்சியால் வருவது. வலங்கைமான் பிள்ளைக்கு வீட்டில் ஆங்கிலம் கிடையாது. வாய்விட்டுப் படித்தும், சொல்லைத் தேடியும், உச்சரிப்பைத் திருத்தியும் அவர் அதைச் சம்பாதித்தார். இன்றைக்கும் தினம் பத்து நிமிஷம் நல்ல உரைநடையை உரக்கப் படிப்பதைப் போன்ற பயிற்சி வேறில்லை. இரண்டாவது, தனக்குத் தெரிந்ததைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. கீழ் வகுப்புப் பையனுக்கு ஒரு கணக்கை விளக்கிப் புரியவைக்க முடிந்த மாணவன் எந்த இன்டர்வியூவிலும் பேசிவிடுவான். மூன்றாவது, பேச்சுக்கு முன் படிப்பு. ஐந்து ஆண்டுகள் வாய் மூடிப் படித்த பிறகே முப்பத்தேழு வயதுக்காரரை கோகலேயின் சங்கம் முழு ஊழியராக ஏற்றது.

வேலை வாங்கித் தருவது மட்டும் பேச்சின் பயன் அல்ல என்பதையும் பெற்றோர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சாஸ்திரியார் தம் நாக்கைத் தமக்காக உபயோகித்திருந்தால் அந்தக் காலத்தில் வக்கீல் தொழிலில் லட்சங்களைக் குவித்திருக்கலாம். அவர் அதை வாய் திறக்க வழியில்லாதவர்களுக்காகக் கடல் கடந்து எடுத்துப் போனார். சில இடங்களில் தோற்றார், சில இடங்களில் ஜயித்தார். ரௌலட் உரையும் கீன்யா தூதும் அவருக்குத் தோல்விகளே. டர்பனில் ஒரு பள்ளிக்கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓர் ஆசிரியருக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் இருக்க முடியாது.